தகாஹாதா வரையவில்லை

ஜப்பானிய அனிமேஷன் என்றதும் பலருக்கு ஹயாவோ மியாசாகியின் பெயர்தான் நினைவுக்கு வரும். 1985-இல் அவரோடு சேர்ந்து ஸ்டூடியோ ஜிப்லியைத் தொடங்கிய இசாவோ தகாஹாதாவின் பெயர் அதற்குப் பிறகுதான். மியாசாகி பென்சிலைப் பிடித்துக்கொண்டே யோசிப்பவர். தகாஹாதா ஓவியரே அல்ல. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர், பால் கிரிமோ என்ற பிரெஞ்சு இயக்குநரின் அனிமேஷன் படத்தில் மனதைப் பறிகொடுத்து, 1959-இல் தோயே நிறுவனத்தில் சேர்ந்தார். வரைவதையே தொழிலாகக் கொண்ட துறையில் ஓவியராக இல்லாதது பெருங்குறை. ஆனால் அந்தக் குறைதான் அவர் படங்களை உருவாக்கியது என்பேன். கை பழகிய ஓவியருக்குத் தனக்கென்று ஒரு கோடு உண்டு. எந்தக் கதையானாலும் அந்தக் கோட்டுக்குள்தான் வரும். தகாஹாதாவுக்கு அப்படி ஒன்று இல்லாததால், ஒவ்வொரு கதைக்கும் எந்தக் கோடு பொருந்தும் என்று முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது.

பெருமை வரைந்தவர்களுக்குத்தானே போக வேண்டும் என்று கேட்கலாம். யோஷிஃபுமி கொண்டோ என்ற ஒரே ஓவியர் முன்னின்று வரைந்த இரண்டு படங்களைப் பாருங்கள். 1988-இல் வந்த 'மின்மினிகளின் கல்லறை' போரில் அநாதைகளான அண்ணன் தங்கையின் கதை. 1945 ஜூனில் ஒகாயாமா நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது தப்பியோடிய ஒன்பது வயதுச் சிறுவன் தகாஹாதா. நெருப்பு மழை எப்படி விழும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் உருவங்களின் விளிம்புக்கோடு பெரும்பாலும் கறுப்பல்ல, பழுப்பு. 1991-இன் 'நேற்று மட்டும்' படத்திலோ, நாயகியின் சிறுவயது நினைவுகள் ஓரங்கள் வெளுத்து, பாதி அழிந்தவை போல வருகின்றன. நிகழ்காலம் மட்டும் நிறைந்த வண்ணத்தில். அந்த நிகழ்காலத்துக்குக் குரலை முன்பே பதிவுசெய்து, பேசும்போது கன்னத்தில் விழும் சிரிப்புக்கோடுகள் வரை வரைய வைத்தார். அனிமேஷன் அழகிகளுக்குக் கன்னத்தில் கோடு விழுவதில்லை என்பது எழுதாத சட்டம்! கை ஒன்றுதான், அதனிடம் இவர் கேட்டது வேறு.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் நடிகர்களை வைத்துக் கேமராவில் எடுத்திருக்கலாமே என்பது இன்னொரு கேள்வி. நிஜத்தில் நாம் கவனிக்காமல் விடுவது, ஒருவர் உட்கார்ந்து வரைந்தது என்று தெரியும்போது கவனத்தில் படுகிறது. 1974-இல் வந்த 'ஹைடி' தொடருக்காக சுவிட்சர்லாந்து போய்ப் பார்த்து வந்து, பாலாடைக்கட்டி நெருப்பில் உருகுவதைக்கூட நிதானமாகக் காட்டியதும் இதற்காகத்தான்.

தேடலுக்கு விலையும் இருந்தது. முதல் படமான 'ஹோரஸ்' 1968-இல் ஓடவில்லை. வாட்டர்கலர் சாயலுக்காகக் கணினியை நாடிய 'யமதா குடும்பம்' (1999) எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 2013-இல் வந்த 'இளவரசி ககுயா' பல ஆண்டு உழைப்பை விழுங்கியது. ஜப்பானிய வசூல் செலவை ஈடுகட்டவில்லை. முதலாளி என்ற முறையில் கணக்குப் பார்த்தால் தகாஹாதா ஆபத்தான ஆள்தான். ஆனால் அதே 'ககுயா'வில், விருந்து மாளிகையை விட்டு அந்தப் பெண் ஓடும்போது பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன, கோடுகள் கரிக்கிறுக்கலாகச் சிதறுகின்றன, முகம்கூடக் கலைந்துபோகிறது. அதை வரைந்தவர்கள் மற்றவர்கள். கிறுக்கலை அழகாக்கித் திருத்தாமல் அப்படியே திரைக்கு விட்டவர் தகாஹாதா. அதுவே அவருடைய கடைசிப் படம்; 2018 ஏப்ரலில், 82 வயதில் காலமானார்.