காரில் படியுற மஞ்சள் தூசி மகரந்தம்தானா? காரைக்கால் பக்கம் துணியை எடுக்கும் முன் இதைப் படிங்க

காலையில் வாசலில் நிற்கும் காரைப் பார்த்தால் மேலே மஞ்சளும் பழுப்புமாக ஒரு படலம். கையில் கிடைத்த துணியை எடுத்து சர்ருனு ஒரு இழு இழுத்துட்டு வேலைக்குக் கிளம்பிடுவோம். கோட்டுச்சேரியில் மட்டும் இல்லை, தரங்கம்பாடியில் இருந்து நாகூர் வரைக்கும் தை பிறந்தா இதுதான் கதை. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சுட்டதால காரை நனைச்சு விட மழையும் கிடையாது.

'பூ பூக்கிற சீசன், மகரந்தம் கொட்டுது'னு பலரும் சொல்வாங்க. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னன்னு தெரிஞ்சா அந்தக் காய்ந்த துணியை நீங்களே தூக்கிப் போட்டுடுவீங்க.

அமெரிக்கா வீடியோவில் வர்ற மஞ்சள் வேற

மார்ச் மாதம் வந்தாலே அட்லாண்டாவில் இருக்கும் சித்தப்பா பையனோ, அத்தை பொண்ணோ ஒரு போட்டோ அனுப்புவாங்க. கார் முழுக்க மஞ்சள் பொடி தூவின மாதிரி இருக்கும். அது நிஜமாகவே மகரந்தம். 2025 மார்ச் 29 அன்று அட்லாண்டாவில் ஒரு கன மீட்டர் காற்றில் 14,801 மகரந்தத் துகள்கள் பதிவாகின. அதற்கு முந்தைய சாதனை 2012இல் பதிவான 9,369. 1,500ஐத் தொட்டாலே அங்கே 'மிக மிக அதிகம்' என்ற கணக்கில் வந்துவிடும்.

காரணம், அங்குள்ள பைன், ஓக் போன்ற மரங்கள். இவை தேனீயையோ வண்டையோ நம்புவதில்லை, காற்றை நம்புகின்றன. எங்கே போய் விழும் என்று தெரியாததால் கோடிக்கணக்கில் தூவி விடுகின்றன. ஜப்பானில் 'சுகி' என்ற மரம் இதே வேலையைச் செய்கிறது.

நம்ம ஊர் வேம்பு, மா, புங்கை எல்லாம் பூச்சிகளை அழைத்து வேலை வாங்குகிற மரங்கள். (மகரந்தத்துக்குப் பழைய தமிழில் 'தாது' என்று பெயர். தாது ஊதும் வண்டு சங்கப் பாட்டு முழுக்கப் பறந்துகொண்டே இருக்கும்.) பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதால் இவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது, அளவிலும் குறைவு. காற்றில் பறந்து வந்து ஒரு காரையே மூடும் அளவுக்கு வராது.

இதில் முக்கியமான விதிவிலக்கு சவுக்கு. கடலோரத்தில் வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்புகள் காற்று வழியாகவே மகரந்தம் பரப்புகின்றன. இந்தியாவில் இது பொதுவாக வருஷத்துக்கு 2 முறை பூக்கும், அதில் ஒன்று பிப்ரவரி – ஏப்ரல். கோட்டுச்சேரிமேடு போன்ற கரையோர ஊர்களில் தோப்பை ஒட்டிக் கார் நிறுத்துபவர்கள் பார்க்கும் மஞ்சள்-பழுப்புப் பொடியில் சவுக்குக்குப் பங்கு இருக்கும். சாலையோரத்தில் மஞ்சள் விரிப்பு போட்ட மாதிரி உதிர்ந்து கிடப்பது பெரும்பாலும் இயல்வாகையின் இதழ். அது மகரந்தம் இல்லை.

அப்போ காரில் இருப்பது என்ன?

முதல் ஆள், உப்பு. கோட்டுச்சேரிக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் வங்கக்கடல். அலை உடையும்போது சிதறும் நுண்ணிய துளிகள் காற்றோடு உள்ளே வருகின்றன. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் காரில் உட்கார்ந்துவிடும். உப்போட குணம் நமக்குத் தெரிந்ததுதான், மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசன்னு ஆகும் இல்லையா? காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோரத்தில் ராத்திரி ஈரப்பதம் அந்த அளவை சர்வ சாதாரணமாகத் தாண்டும். அதாவது, ராத்திரி உங்க கார் மேல் ஒரு மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம், பகலில் காய்ந்த உப்பு, மறுபடி ராத்திரி தண்ணீர். துரு பிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்த ஈரப் படலத்தில்தான் மற்றதெல்லாம் வந்து ஒட்டுகிறது. அதில் ரொம்ப மோசமானது அறுவடைத் தூசி. தை, மாசியில் சம்பா அறுப்பு. வயலில் அறுவடை மெஷின் ஓடினால் எழும்பும் புகை மாதிரியான தூசியை டெல்டாக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு ரோட்டோரத்திலேயே நெல் காய வைப்பது வேறு. அதில் மண் இருக்கு, பதர் இருக்கு, நெல்லின் சுனை இருக்கு. களத்தில் வேலை செய்தவர்களுக்கு உடம்பு அரிப்பெடுக்கும் பாருங்க, அந்தச் சுனைதான். நெல் மண்ணில் இருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் தோலில் சேர்த்து வைக்கும் பயிர். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மணலும் கண்ணாடியும் அதே வகை சரக்குதான்.

அடுத்து, மாமரத்தடி. மாம்பூ சீசனில் காரை அதன் கீழே நிறுத்தினால் கண்ணாடி முழுக்கப் பிசுபிசுன்னு புள்ளி விழும். 'மரம் பால் வடிக்குது'ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. பெரும்பாலும் அது மரத்தின் வேலை இல்லை. பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி வெளியேற்றும் சர்க்கரைக் கழிவு அது. இலையில் அது படிந்த இடத்தில் கரும்பூசணம் வளர்ந்து கறுப்பாவதை விவசாயிகள் பார்த்திருப்பாங்க. காரில் படிந்தாலும் அதுதான் நடக்கும். வேப்பம்பூவும் தூங்குமூஞ்சி மரத்தின் பூவும் தனியாக விழுந்தால் ஊதினாலே பறந்துவிடும், இந்தப் பிசுபிசுப்பின் மேல் விழுந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்த துணி செய்யும் வேலை

காரின் மேல் தெரியும் பளபளப்பு, நிறத்துக்கு மேலே அடிக்கப்பட்ட நிறமில்லாத ஒரு பூச்சு. இதை 'கிளியர் கோட்' என்பார்கள். பொதுவாக இதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. இதன் மேல் மணலும் சுனையும் உப்புக்கல்லும் கிடக்கும்போது துணியை அழுத்தி இழுத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. முதல் நாள் தெரியாது. ஒரு சீசன் முடிந்து வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். கறுப்பு, அடர் நீலக் காராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் சில டிரைவர் அண்ணன்களிடம் இன்னும் இருக்கு. உடனே மின்னும், உண்மைதான். ஆனா மிஞ்சும் எண்ணெய்ப் பசையில் மறுநாள் தூசி இரண்டு மடங்கா ஒட்டும்.

இன்னொரு விஷயம், துடைக்கிறவரோட மூச்சு. காய்ந்த தூசியைத் தட்டும்போது அது நேராக முகத்துக்குத்தான் வரும். வீட்டில் ஆஸ்துமா, தும்மல் தொந்தரவு உள்ளவர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுக்காதீங்க. சவுக்கு மகரந்தமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

சரி, எப்படித்தான் கழுவுறது?

முதலில் தண்ணீர், அப்புறம்தான் கை. கூரையில் இருந்து ஊற்றிக் கீழே வழிய விடுங்க, அழுத்தித் தேய்க்கக் கூடாது. தூசியில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும். பிறகு கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணி, துணியை அலச இன்னொரு வாளி. ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் எடுத்த மண்ணையே திரும்பத் தேய்க்கிறோம்னு அர்த்தம். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். அதன் காரம் மேலே இருக்கும் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும்.

இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கு. கடலோர ஊர்களில் பல வீடுகளில் போர் தண்ணியே உப்பு. உப்பைக் கழுவ உப்புத்தண்ணியா? மண்ணை இறக்க அது போதும். ஆனா கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் கட்டாயம். அதையும் வெயிலில் காய விடாமல் உடனே ஒற்றி எடுக்கணும். இல்லேன்னா கறுப்புக் காரில் வெள்ளை வெள்ளையாப் புள்ளி நிற்கும். மதிய வெயிலில் சூடான பானெட்டில் தண்ணி ஊற்றினாலும் இதே கதிதான். காலையோ சாயங்காலமோ நிழலில் கழுவுங்க.

தத்துப்பூச்சிப் பிசுக்கு, காக்கா எச்சம், காய்ந்து ஒட்டின பூ இதையெல்லாம் நகத்தால் சுரண்ட வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் நனைத்த துணியை 5 நிமிஷம் மேலே போட்டு வைத்தால் தானாக இளகும். ஜப்பானில் மகரந்தக் கறைக்கும் வெந்நீர்தான் வைத்தியம். நனைந்த மகரந்தத்தில் இருந்து கசியும் பெக்டின் என்ற பசை பெயின்ட்டைப் பிடித்துக்கொள்வதால், அதைச் சூட்டில் தளர்த்துகிறார்கள்.

வாரம் ஒருமுறை இப்படிக் கழுவினால் போதும். தினமும் துடைத்தே ஆகணும்னா கண்ணாடியையும் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மட்டும் ஈரத்துணியால் துடைங்க. கண்ணாடியில் தூசி இருக்கும்போது தண்ணி அடிக்காமல் வைப்பரை ஓட விடாதீங்க. உப்பு அதிகம் தங்குவது கண்ணில் படாத இடத்தில், அதாவது காரின் அடிப்பாகத்திலும் டயருக்கு மேலே உள்ள வளைவுக்குள்ளும். வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது அடியில் அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்க.

வைப்பருக்குக் கீழே பார்த்தீங்களா?

பானெட்டைத் திறந்தால் முன் கண்ணாடியின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். வேப்பம்பூ, புளிய இலை எல்லாம் சேர்ந்து அங்கே மக்கிக் கிடக்கும். மழைத்தண்ணீர் வெளியேறும் ஓட்டை அங்கேதான் இருக்கு. சித்திரையில் அடைத்த ஓட்டை, ஐப்பசி மழையில்தான் தன் வேலையைக் காட்டும். உள்ளே தரைவிரிப்பு ஊறி நாற்றம் எடுத்த பிறகு மெக்கானிக்கிட்ட போறதைவிட, இப்போ கையை விட்டு அள்ளிப் போடுறது சுலபம்.

ஏசிக்கான காற்றையும் பல கார்கள் அந்தப் பக்கத்தில் இருந்துதான் இழுக்கின்றன. அதைச் சலிக்கும் கேபின் ஃபில்டர் பெரும்பாலும் முன் சீட் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அறுப்பு சீசன் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பாருங்க, சாம்பல் கலரில் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டரே இல்லாமல் அந்த இடம் காலியாக வருவதும் உண்டு. வயல் வழியா போகும்போது ஏசியை உள்காற்று சுழலும் பட்டனில் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

கவர் போட்டா போதுமா?

தூசி படிந்த கார் மேல் கவர் போட்டால், கடற்காற்றில் கவர் ஆடுகிற ஒவ்வொரு தடவையும் அது காய்ந்த துணி செய்கிற வேலையையே செய்யும். ரெக்சின் மாதிரி காற்று புகாத கவராக இருந்தால் ராத்திரி ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கும். கழுவிக் காய்ந்த கார், காற்றுப் புகும் துணிக் கவர், அடியில் இறுக்கிக் கட்டிய நாடா, இந்த மூன்றும் இருந்தால் போடலாம். இல்லேன்னா மாமரத்தை விட்டு நாலு அடி தள்ளி, கிழக்கே ஒரு சுவர் மறைக்கிற மாதிரி நிறுத்துறதே மேல்.