கொடுத்தவருக்கு நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது

உதிர உறவு – தொடர் கட்டுரை – 9

ஒரு பை இரத்தம் நோயாளியின் கட்டிலருகே வந்து சேருமுன் எத்தனை பரிசோதனைகளைத் தாண்டுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அந்தப் பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவரைப் பற்றிப் பேசுவோம்.

சம்மாந்துறையிலும் கல்முனையிலும் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. விளையாட்டுக் கழகமோ, பழைய மாணவர் சங்கமோ, பள்ளிவாசல் நிருவாகமோ இரத்ததான முகாம் வைத்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். பிரசவத்தில் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நடுச்சாமத்தில் அழைப்பு வந்தாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதால்தான் 2014இல் இலங்கை தனக்குத் தேவையான இரத்தம் முழுவதையும் பணம் வாங்காத தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே பெறும் நாடானது. உலக இரத்தக் கொடையாளர் தினத்தின் சர்வதேச நிகழ்வு அதே ஆண்டு ஜூன் 14இல் கொழும்பில் நடந்தது. தாய்மாரைக் காக்கும் பாதுகாப்பான இரத்தம் என்பதே அவ்வாண்டின் கருப்பொருள்.

“இரத்தம் கொடுத்தா பழசு போய்ப் புதுசு ஊறும்” என்று முதன்முறை வரும் தம்பிமாரைத் தைரியப்படுத்துவார்கள். அதில் உண்மை இருக்கிறது. இழந்த இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் சில கிழமைகளில் பெருகிவிடும். ஆனால் புது இரத்தம் வெறுமையிலிருந்து ஊறுவதில்லை. அது ஊற இரும்புச்சத்து வேண்டும். பையோடு போன இரும்பு உடலுக்குத் திரும்பிவரப் பல மாதங்கள் எடுக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் ஹீமோகுளோபின் அளவு 14 என்றால், 450 மில்லிலீற்றர் இரத்தத்தில் 63 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆக ஒரே அமர்வில் அவர் கொடுத்தது 210 மில்லிகிராமுக்கு மேல். ஆரோக்கியமான ஆணின் உடலில் சேமிப்பாக இருப்பது ஒரு கிராம் அளவு. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணிடம் பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். சாதாரண நாளில் உணவிலிருந்து உடல் உறிஞ்சுவதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். நாளாந்த இழப்பை ஈடுகட்டவே அது சரியாகிவிடும். ஆணின் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கை எடுக்கும் அதே பை, பெண்ணின் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடுகிறது.

சேமிப்பு இப்படிக் குறைவதை முகாமில் கண்டுபிடிக்க முடியாதா? விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியை நீல நிறமான செப்புச் சல்பேற்றுக் கரைசலில் விடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி 1.053. ஹீமோகுளோபின் 12.5 அளவுக்கு இருந்தால் துளி தாழும், குறைந்தால் மிதக்கும். எளிமையான, மலிவான, நம்பகமான சோதனை. ஆனால் அது சொல்வது ஓடிக்கொண்டிருக்கும் இரத்தத்தைப் பற்றி மட்டுமே. ஈரலிலும் எலும்பு மச்சையிலும் இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. களஞ்சியத்தில் விதைநெல்லைக் குத்திச் சமைத்தாலும் அன்றைய சோற்றில் குறை தெரியாது. உடலும் சேமிப்பை முழுவதும் எடுத்துச் செலவழித்த பிறகே ஹீமோகுளோபினைக் குறைய விடும். ஆகவே துளி மிதக்கும் நாளுக்கு வெகுமுன்னரே குறைபாடு தொடங்கியிருக்கும்.

அந்த இடைப்பட்ட காலத்தில் மனிதர் நோயாளியாகத் தெரியமாட்டார். வயல் வரம்பில் நடக்கும்போது முன்பில்லாத களைப்பு. படியேறினால் மூச்சு. படிப்பிலும் கணக்குவழக்கிலும் மனம் நிற்காது. இரவில் கால்கள் ஓரிடத்தில் இருக்க மறுக்கும். சிலருக்கு ஐஸ்கட்டியையோ பச்சை அரிசியையோ மென்று தின்னும் ஆசை வரும். வேளாண்மை வெட்டுக் காலத்து அலுப்பு, வயது, நித்திரை குறைவு என்று இதற்கெல்லாம் வேறு காரணம் சொல்லிவிடுவோம். சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் பரிசோதனை ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் ஃபெரிட்டின் 15க்குக் கீழே போய்விட்டால் வளர்ந்தவரிடம் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்றே உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது.

அமெரிக்காவில் 2,400க்கு மேற்பட்ட கொடையாளரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. ஆண்டுக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ கொடுத்த ஆண்களில் 16 சதவீதத்தினரிடமும், இரண்டு தடவையோ அதற்கு மேலோ கொடுத்த பெண்களில் 27 சதவீதத்தினரிடமும் இரும்புச் சேமிப்பே இருக்கவில்லை. இவர்கள் எல்லோரும் கொடுக்கத் தகுதியானவர்கள் என்று அனுமதிக்கப்பட்டவர்கள். 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 215 பேர் ஒரு தடவை இரத்தம் கொடுத்தார்கள். ஒரு பாதியினருக்குத் தினமும் 37.5 மில்லிகிராம் இரும்பு கொண்ட குளிசை, மறு பாதியினருக்கு எதுவுமில்லை. குளிசை எடுத்தவர்களின் சேமிப்பு சராசரியாக இரண்டரை மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது. எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 168 நாள் கழிந்த பின்னும் வரவில்லை.

இந்த 168 நாளை நம் நாட்டு விதியோடு வைத்துப் பாருங்கள். இலங்கையில் இரு கொடைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மாதம் விட வேண்டும். அமெரிக்காவின் 56 நாளோடும், இந்தியாவில் ஆண்களுக்குள்ள 90 நாளோடும் ஒப்பிட்டால் இது கவனமான விதி. அப்படியிருந்தும் நான்கு மாதம் என்பது 120 நாள்தான். இறைச்சி தாராளமாகக் கிடைக்கும் நாட்டிலேயே ஐந்தரை மாதத்தில் நிரம்பாத சேமிப்பு, சோற்றை நம்பி வாழும் நமக்கு நான்கு மாதத்தில் நிரம்பிவிடும் என்று எதை வைத்து நம்புவது? நான்கு மாதம் என்பது அதற்கு முன் கொடுக்கக் கூடாது என்ற எல்லை. அந்த நாள் வந்ததும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற தவணை அல்ல.

நம் சாப்பாட்டில் இரும்பு இல்லாமலில்லை. மாட்டிறைச்சி, ஈரல், மீன், முருங்கை இலை, பருப்பு என்று நிறையவே இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பை உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ளதை எடுப்பது கடினம். அந்தக் கடினத்தைக் கூட்டுவது சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் இரும்பைக் கட்டிப்போட்டு உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தயிரிலும் பாலிலும் உள்ள கல்சியமும் ஓரளவு அதையே செய்கிறது. தேத்தண்ணியையும் தயிரையும் விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விடலாம். சோற்றோடு தேசிக்காய் பிழிந்துகொள்ளலாம், பின்னால் ஒரு கொய்யாப்பழமோ தோடம்பழமோ சாப்பிடலாம். வைற்றமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டும்.

ஆனாலும் தொடர்ந்து கொடுப்பவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பவருக்கு வழமையான தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1.8 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக உடலில் சேர வேண்டும். அதாவது தேவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிசைக்கு இடம் இங்கேதான். குறைந்த அளவு போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது என்றும் அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்றெரிவும் மலச்சிக்கலும் குறையலாம். ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கித் தாமாக விழுங்க வேண்டாம். தலசீமியாவின் மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவருக்கும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் அவருக்கு இரும்புக் குறைபாடு இருக்க வேண்டும் என்றில்லை. அதிகம் இரத்தம் கொடுக்காத ஆணிடம் இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். வைத்தியரின் ஆலோசனையும் ஒரு ஃபெரிட்டின் பரிசோதனையும் இந்தக் குழப்பங்களைத் தீர்க்கும்.

நெதர்லாந்து 2017இல் ஒரு வழியைத் தொடங்கியது. புதிதாக வரும் கொடையாளருக்கும், பிறகு ஒவ்வொரு ஐந்தாவது கொடையிலும் ஃபெரிட்டின் பார்க்கிறார்கள். 15க்குக் கீழே இருந்தால் ஓர் ஆண்டு ஓய்வு. 15க்கும் 30க்கும் இடையில் இருந்தால் ஆறு மாதம். நம்மிடம் எல்லோருக்கும் இதைச் செய்ய உடனே வசதி இல்லாமல் இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் கொடுப்பவர்களுக்கும், மாதவிடாய் வயதுப் பெண்களுக்கும், இருபது வயது தாண்டாதவர்களுக்கும் செய்வதிலிருந்தாவது தொடங்க வேண்டும்.

முகாம் நடத்தும் சகோதரர்களிடம் கேட்க எனக்கு மூன்று விடயங்கள் உண்டு. இருபத்தைந்தாவது தடவை, ஐம்பதாவது தடவை என்று மேடையில் எண்ணிக்கைக்குப் பொன்னாடை போர்த்துவதை நிறுத்துங்கள். அந்த எண் பலருக்கு விடமுடியாத போட்டியாகிவிடுகிறது. புதிதாக ஒருவரை அழைத்து வந்தவருக்குப் போர்த்துங்கள். இரண்டாவது, கையில் இருக்கும் அதே பத்து இலக்கங்களுக்கு மீண்டும் மீண்டும் அழைக்காதீர்கள். ஒருவர் மூன்று தடவை கொடுப்பதைவிட மூவர் ஒவ்வொரு தடவை கொடுப்பது ஊருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. மல்வத்தையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். வாசலுக்கே வரும் கொடையாளர்கள் அவர்கள். மூன்றாவது, துளி மிதந்ததால் திருப்பி அனுப்பப்படும் தங்கையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். எங்கே போய் என்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் நாளை கர்ப்பிணியாகலாம். இன்று சரிசெய்யாத குறைபாடு அப்போது அவருக்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகும்.

இதைப் படித்துவிட்டு யாரும் இரத்தம் கொடுக்கப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான ஒருவர் போதிய இடைவெளி விட்டுக் கொடுப்பது பாதுகாப்பானதே. டெங்குக் காலத்திலும் பிரசவ அறையிலும் விபத்துப் பிரிவிலும் இரத்தத்துக்கு மாற்று இன்னும் இல்லை. நான் கேட்பது கொடையாளரின் உடல்நலத்தையும் இரத்த வங்கியின் கையிருப்பாகக் கருதும்படி மட்டுமே. இருபது வயதில் கொடுக்கத் தொடங்கியவர் ஐம்பதிலும் சுகமாக வந்து கொடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு பரிசோதனையும் சில கிழமைக் குளிசையும் நம் பொறுமையும்தான். இவை மூன்றும் நம்மால் ஏலாதவை அல்ல.

(அடுத்த வாரம்: மாதாமாதம் இரத்தம் ஏற்றும் தலசீமியாப் பிள்ளைகளும், அவர்கள் உடலில் தேங்கும் இரும்பும்)