பசுவின் வயிற்றில் நமது குப்பை

எமது பங்கின் சுழற்சிக் கடனில் ஒரு விதவைத் தாய் வாங்கிய பசு, இரண்டு மாதங்களாக மெலிந்து இறந்துபோனது. கால்நடை வைத்தியர் அதன் வயிற்றைப் பிளந்தபோது பொலித்தீன் பைகளும் நைலோன் கயிறும் முறுகித் திரண்டு, தேங்காயளவு உருண்டைகளாகக் கிடந்தன. அது மேய்ந்தது கோவில் வளவை அண்டிய தரவையில். திருநாளன்று நாம் வழங்கிய சாப்பாட்டுப் பொதிகளின் தாள்கள் காற்றில் பறந்து சேர்ந்ததும் அங்கேதான்.

ஆடு உதட்டால் தெரிந்து கடிக்கும். மாடோ நாக்கால் வளைத்து வாரி, சரியாக மெல்லாமலே விழுங்கும்; பின்னரே அசைபோடும். கறியும் உப்பும் ஒட்டிய தாள் அதற்கு உணவாகவே மணக்கும். புல் கருகும் கோடையிலும், தீனியில் பொஸ்பரசுச் சத்துக் குறையும்போதும் கண்டதையும் தின்னும்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதலாவது அறையிலுள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலைக்கூடச் செரிக்கச் செய்யும். பொலித்தீனை அவற்றால் எதுவும் செய்ய இயலாது. மேலே செல்லும் வழியும் ஒடுக்கமானது. ஆகவே அது உள்ளேயே தங்கி, வருடக்கணக்கில் சேர்ந்து, தீனிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆணியும் கம்பித்துண்டும் இரண்டாவது அறையில் தங்கும். அதற்கு அருகில்தான் இருதயம் இருக்கிறது; கம்பி துளைத்துச் சென்றால் மரணமே.

தீனி குறைதல், அசைபோடாமை, இடப்பக்க வயிறு ஊதுதல், பால் வற்றுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள். பொலித்தீன் மருந்தால் கரையாது. இடப்பக்க வயிற்றை அறுத்தே அதை எடுக்கவேண்டும். ஒரு பசுவை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது இலகுவான காரியமன்று.

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் இறந்த செய்தி 2022இல் உலகெங்கும் பேசப்பட்டது. நமது வளவில் இறக்கும் பசுவைப்பற்றி எவரும் எழுதுவதில்லை. சாப்பாட்டுத் தாளும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டன. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உள. திருநாளிலும் கூட்டங்களிலும் வாழையிலையில் பரிமாறுவோம். குப்பையை மாடு எட்டாதபடி வேலியடைத்துச் சேர்ப்போம். வைக்கோற் கட்டின் கயிற்றை அவிழ்த்தெடுத்த பின்பே தீனி வைப்போம். தொழுவத்தில் தாதுஉப்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிடுவோம்.

அந்தத் தாயின் மீதிக் கடனைப் பங்குச்சபை தள்ளிவிட்டது. ஆயினும் காலையில் பால் விற்றுப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய அவருக்கு அது போதாது. ஒரு கையால் பசுவைக் கொடுத்து மறு கையால் அதைப் பறித்தவர்கள் நாமே. அடுத்த திருநாளுக்கு முன் இதைச் சிந்திப்போம்.