கரகரக்கும் வால்யூம் குமிழ்: டேப் ரெக்கார்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

2015இல் மறைந்த நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்கள் இன்று செல்போனிலேயே கிடைக்கின்றன. ஆனால் மர்ஹூம் அத்தா பேசிப் பதிந்த கேஸட்டுக்கு வேறு பிரதி இல்லை. அதைக் கணினியில் ஏற்றலாம் என்று டேப் ரெக்கார்டரை எடுத்தால், வால்யூம் குமிழ் கரகரக்கிறது.

போடிமெட்டு ஏலத்தோட்டப் பக்கத்து ஈரக்காற்றில் இது எளிதில் வரும். கோளாறு குமிழில் இல்லை. அதன் அடியில் உள்ள வால்யூம் கன்ட்ரோலில். அதற்குள் கரிப்பூச்சுத் தடத்தின் மேல் சிறு உலோக நாக்கு உரசி நகர்கிறது. இடையில் அழுக்கும் களிம்பும் படிந்தால் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும், அதுவே கரகரப்பு.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலின் பக்கவாட்டுத் துளையில் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சுங்கள். குமிழை இருபது முறை முழுக்கத் திருப்பி, நன்கு உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை ஒட்டவைக்கும். அப்போதும் சரியாகாவிட்டால் தடம் தேய்ந்திருக்கும். பழையதில் அச்சிட்ட அதே எண்ணும் எழுத்தும் உள்ள புதியதை மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

குமிழ் மட்டும் தளர்ந்து சுழன்றால், தண்டில் மெல்லிய டேப் ஒரு சுற்றுச் சுற்றிப் பொருத்தினால் போதும்.

முதலில் பாட்டுக் கேஸட்டைப் போட்டுச் சோதியுங்கள். அத்தாவின் குரல் கடைசியில் வரட்டும்.