உங்களுக்குத் தெரியுமா? மளிகைக்காரர் எழுதிய உயில்

ரக்பி ஆட்டத்துக்குப் பெயர் தந்தது இங்கிலாந்தின் ரக்பி ஊர்ப் பள்ளி. 1567-இல் உயில் எழுதி அதை உண்டாக்கிய லாரன்ஸ் ஷெரிஃப், முதலாம் எலிசபெத் அரசிக்கு மளிகைச் சாமான் கொடுத்தவர். உள்ளூர்ப் பையன்கள் காசில்லாமல் படிக்கட்டும் என்று, லண்டனை ஒட்டியிருந்த தன் மேய்ச்சல் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்தார். லண்டன் வளர வளர, அந்தப் புல்வெளியில் தெருக்கள் முளைத்தன, வாடகை பெருகியது. பள்ளியோ வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியாகிவிட்டது. அந்த மனிதர் நினைத்தது இதுவா? ஊர்ப் பிள்ளைகளுக்கென்று 1878-இல் அவர் பெயரிலேயே இன்னொரு பள்ளி திறந்தார்கள். இன்று அது அகாடமி. கட்டணம் கிடையாது, உள்ளாட்சி வழியாக இல்லாமல் மத்திய அரசே நேராக நிதி தருகிறது. ஆனால், சேர நுழைவுத் தேர்வில் தேற வேண்டும்.