முகப்படத்திற்கு ஏற்ற வில்லை

தூரமானிக் காமிராவில் படம் எடுப்பவர் காண்பது வேறு. சுருளில் பதிவது வேறு. அவர் கண் வைத்து நோக்கும் சாளரம் வில்லையின் வழியே செல்வதன்று. வில்லைக்கு மேலே, சற்று ஒதுங்கி, தனியே அமைந்த கண்ணாடித் துளை அது. அதன்கண் அண்மையில் உள்ள பொருளும் சேய்மையில் உள்ள பொருளும் ஒரே தெளிவுடன் தோன்றும். முகத்தின் பின்னே நிற்கும் மரம் எவ்வளவு மங்கும், கன்னத்தின் தோல் எவ்வளவு மென்மை கொள்ளும் என்பனவெல்லாம் சுருளைக் கழுவிய பின்னரே தெரியவரும். ஆகவே இவ்வகைக் காமிராவிற்கு முகப்பட வில்லை தேர்வது கண்ணை நம்பிச் செய்யும் காரியமன்று; கணக்கை நம்பிச் செய்வது. வில்லை அறுபது எழுபது ஆண்டுப் பழமை உடையதாயின், கணக்கோடு வரலாறும் வேண்டும்.

முகப்படத்திற்கு நீண்ட குவியத் தூரம் உடைய வில்லை ஏன் தேவை? வில்லைதான் முகத்தின் வடிவத்தை மாற்றுகிறது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. வடிவத்தை மாற்றுவது தூரமே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உண்டு எனக் கொள்வோம். மூக்கிலிருந்து அரை மீட்டர் தொலைவில் நின்றால், காதைவிட மூக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெருத்துப் பதியும். ஒன்றரை மீட்டர் பின்வாங்கினால் அவ்வேறுபாடு நூற்றுக்கு எட்டு என்ற அளவிற்குக் குறைந்துவிடும். ஆனால் அத்தூரத்தில் நின்று 50 மில்லிமீட்டர் வில்லையால் எடுத்தால் முகம் சட்டத்தின் நடுவில் சிறுத்துக் கிடக்கும். அதைப் பெருக்கினால் சுருளின் மணிகளும் உடன் பெருகும். 85 அல்லது 90 மில்லிமீட்டர் வில்லை அதே இடத்திலிருந்து தலையையும் தோளையும் சட்டம் நிறையத் தரும். இதுவே அதன் பயன். வேறு மந்திரம் ஏதும் இல்லை.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தார், ஆஸ்கார் பார்னாக் வகுத்த லைக்காவை 1925-இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1932-இல் தூரமானி வில்லையோடு இணைக்கப்பெற்றது. அதே ஆண்டில் டிரெஸ்டனில் சைஸ் ஐக்கான் நிறுவனத்தார் காண்டாக்ஸை வெளியிட்டனர். இவ்விரு நிறுவனங்களின் போட்டியிலேதான் இன்று தேடப்படும் பழைய முகப்பட வில்லைகளுட் பல பிறந்தன. லைட்ஸ் பக்கம் 90 மில்லிமீட்டர் எல்மார், எஃப் 4 துளை உடையது, 1931-இல் வந்தது; நான்கு கண்ணாடிகள் கொண்ட எளிய அமைப்பு. மாக்ஸ் பெரெக் வகுத்த 73 மில்லிமீட்டர் ஹெக்டர் எஃப் 1.9 துளை உடையது. காண்டாக்ஸ் பக்கம் லூத்விக் பெர்த்தலே வகுத்த சோன்னார் வகை 85 மில்லிமீட்டர், எஃப் 2.

சோன்னாரின் சிறப்பை அறிய, அக்காலத்துக் கண்ணாடியின் குறையை அறிதல் வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு முகப்பிலும் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு ஒளி சிதறிப் போகும். போகும் ஒளி வெளியே போய்விட்டால் பெரிய நட்டம் இல்லை. அது உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தின் கருமையைச் சாம்பலாக்கிவிடுகிறது. பெர்த்தலே கண்ணாடிகளை ஒட்டி ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். ஆறு முகப்புகளே காற்றைத் தொட்டன. ஐந்து தொகுதி உடைய வில்லையில் பத்து முகப்புகள். சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-இல் எதிரொளி தடுக்கும் பூச்சைக் கண்டறிந்தார்; போருக்குப் பின் அது பொதுவழக்காயிற்று; பெர்த்தலேயின் சிக்கனத்திற்கு இருந்த அவசியமும் குறைந்தது. ஆயினும் போருக்கு முற்பட்ட வில்லை வாங்குவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

சோன்னார் வழிவந்த ஒரு வில்லை ஜப்பானியத் தொழிலின் பெயரையே உயர்த்திற்று. 1950-இல் டோக்கியோவில் லைஃப் இதழின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கனை ஜுன் மிக்கி என்னும் ஜப்பானிய இளைஞர் ஒரு படம் எடுத்தார். எடுத்தது நிப்பான் கோகாக்கு நிறுவனத்தின் 85 மில்லிமீட்டர் நிக்கோர், எஃப் 2. ஜப்பானியப் பொருள் என்றால் மலிவுச் சரக்கு என்று மேல்நாட்டார் எண்ணியிருந்த காலம் அது. பெருக்கிய படத்தைக் கண்ட டங்கன் வியந்து, அந்நிறுவனத்திற்கே சென்று, தம் ஜெர்மானிய வில்லைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கொரியப் போர் மூண்டது. அவர் தம் லைக்காக்களில் நிக்கோர் வில்லைகளை மாட்டிக்கொண்டு போர்க்களம் சென்றார். டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அவ்வில்லைகளைப் பற்றி எழுதிற்று. ஒரு மனிதரின் முகத்தை எடுத்த ஒரு படம் ஒரு நாட்டின் தொழிலுக்கு நற்சான்றாயிற்று என்பது மிகையன்று.

நிக்கோரின் கூர்மை போற்றப்பட்டது. ஆனால் கூர்மை எல்லா முகத்திற்கும் உகந்ததா? லைட்ஸ் நிறுவனத்தார் 1935-இல் தாம்பார் என்னும் 90 மில்லிமீட்டர் வில்லையை வேண்டுமென்றே மென்மையாக ஆக்கினர். வில்லையின் விளிம்பு வழியே புகும் கதிர்களும் நடுவழியே புகும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவியாமை கோளப்பிறழ்ச்சி எனப்படும். தாம்பாரில் அக்குறை அப்படியே விடப்பட்டது. அதனோடு, நடுவில் வட்டக் கறை உடைய ஒரு தட்டையும் கொடுத்தனர். அது நடுக்கதிர்களை மறைத்து, விளிம்புக் கதிர்களின் மங்கலை மிகுவிக்கும். துளையைச் சுருக்கினால் மென்மை மறையும். எவ்வளவு சுருக்கினால் எவ்வளவு மறையும் என்பதைத் தூரமானியின் சாளரம் காட்டாது. சுருள் சுருளாக எடுத்துப் பழகிய கையே அறியும். சற்றேறக்குறைய மூவாயிரம் தாம்பார்களே செய்யப்பெற்றன. இன்று அவை சேகரிப்பாளரின் பெட்டிகளில் உறங்குகின்றன. 2017-இல் அதனை மீண்டும் செய்து வெளியிட்டார்கள். அதுவும் எளியோர் விலையில் இல்லை.

விரிந்த துளை உடைய வில்லையே சிறந்தது என்னும் எண்ணம் கடைக்காரர்க்கு நன்மை தருவது. 85 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 2-இல் வைத்து 1 மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒன்றரைச் சென்டிமீட்டரே. கண்ணிமை தெளிந்தால் மூக்கு நுனி மங்கும். அமர்ந்திருப்பவர் மூச்சு விட்டுச் சற்றே சாய்ந்தாலும் குவியம் கண்ணை விட்டு நழுவும். 90 மில்லிமீட்டர் எல்மாரை எஃப் 4-இல், ஒன்றரை மீட்டரில் வைத்தால் ஆறு சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். இதைத் தாங்கும் நுட்பம் தூரமானிக்கும் வேண்டும். தூரமானியின் இரு துளைகளுக்கு இடைப்பட்ட நீளத்தை அதன் பெருக்கத்தால் பெருக்க வருவதே அதன் மெய்யான நுட்பம். 1932-ஆம் ஆண்டு லைக்காவில் அது 39 மில்லிமீட்டர். 1933-இல் பெருக்கம் கூடியபின் சுமார் 58. 1954-இல் வந்த எம்-3 காமிராவில் சுமார் 62. முதலாவது வகை காமிரா வைத்திருப்பவர் எஃப் 2 வில்லைக்குப் பணம் கொடுப்பது, தராசு இல்லாதவர் பொன் வாங்குவது போன்றது.

பகல் வெளிச்சத்திலோ வேறொரு தடை. ஐ.எஸ்.ஓ. 400 சுருளை இட்டு வெயிலில் நிற்பவர், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் வேகத்தை வைத்தாலும் துளையை எஃப் 10 அளவிற்குச் சுருக்கியே ஆகவேண்டும். பழைய காமிராக்களுட் பலவற்றில் அதைவிட விரைந்த வேகம் கிடையாது. விரிந்த துளை மங்கிய அறைக்கே உரியது. அத்தகைய அறையில் எடுப்பவர் அதை நாடட்டும். ஏனையோர்க்கு, எல்லோரும் ஏளனம் செய்யும் எல்மாரே போதும். அது இலேசானது, விலையும் குறைவு.

இனிப் பொருத்தம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். போருக்குப் பின் காண்டாக்ஸின் கருவிகள் சோவியத் நாட்டிற்குச் சென்றன; அவற்றிலிருந்து கீவ் காமிராவும், சோன்னாரை ஒத்த ஜூப்பிட்டர்-9 என்னும் 85 மில்லிமீட்டர் வில்லையும் வந்தன. ஜூப்பிட்டர் மலிவானது, பதினைந்து இதழ்கள் உடைய அதன் துளை எந்நிலையிலும் வட்டமாகவே இருப்பதால் பின்புலத்து ஒளிப்புள்ளிகளும் வட்டமாகவே விழும். லைக்காவின் 39 மில்லிமீட்டர் திருகிலும் அது கிடைக்கிறது. ஆனால் திருகு பொருந்துவதும் குவியம் பொருந்துவதும் ஒன்றல்ல. நிக்கான் காமிராவின் வாய் காண்டாக்ஸின் வாயை ஒத்தது. வில்லை ஒன்றிலிருந்து கழன்று மற்றொன்றில் ஏறும். எனினும் நிக்கான் தூரமானி லைக்காவின் அளவையைத் தழுவியது. இரண்டின் கணக்கும் சிறிதே வேறுபடும். 35 மில்லிமீட்டர் வில்லையில் அவ்வேறுபாடு தெரியாது. 85 மில்லிமீட்டரில், அண்மைத் தூரத்தில், கண்ணுக்கு வைத்த குவியம் காதிற்குப் போய்விடும். நிப்பான் கோகாக்கு நிறுவனத்தாரே இதனை அறிந்து, காண்டாக்ஸிற்கு உரியவற்றில் தனி எழுத்துப் பொறித்து வேறாகச் செய்தனர். லைக்காவில் ஏற்றிய ஜூப்பிட்டர்களிலும் இத்தொல்லை அடிக்கடி காணப்படுகிறது.

இதனைச் சோதிப்பது கடினமன்று. ஓர் அளவுகோலை மேசைமீது சாய்வாகக் கிடத்தி, ஒரு கோட்டிற்குத் தூரமானியைப் பொருத்தி, வில்லை குவியக்கூடிய மிக அண்மைத் தூரத்திலிருந்து துளையை முழுதும் திறந்து எடுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு படி சுருக்கி மேலும் மூன்று நான்கு படங்கள். சோன்னார் வகை வில்லைகளில் துளையைச் சுருக்கச் சுருக்கக் குவியமும் பின்னோக்கி நகரும் இயல்பு உண்டு. ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரம் மிக்க நாடுகளில் வாங்குவோர் கண்ணாடியை விளக்கொளிக்கு நேரே பிடித்து, துளையைத் திறந்து, இரு பக்கமிருந்தும் நோக்குதல் வேண்டும். சிலந்தி வலை போல் படர்ந்திருப்பது பூஞ்சை. தொடக்கத்தில் துடைத்தால் போகும், முற்றினால் பூச்சை அரித்துவிடும். பாலாடை போன்ற மங்கல் எண்ணெய் ஆவியாற் படிவது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிற்று என்று பொருள். ஒட்டியே ஆக்கப்பட்ட சோன்னார் வகைகளுக்கு இதுவே கொடிய நோய். ஒன்றிரண்டு கீறலோ உள்ளே கிடக்கும் தூசியோ படத்தைக் கெடுப்பதில்லை. விலையை மட்டும் குறைக்கும்.

எம்-3 காமிராவின் சாளரத்தில் 90 மில்லிமீட்டருக்கு உரிய சட்டம் தானே தோன்றும். பழைய திருகு வகை லைக்காக்களில் அவ்வசதி இல்லை; தூரமானியில் குவித்தபின், மேலே செருகிய தனிக்குழலில் கண்ணை மாற்றிச் சட்டம் பார்க்க வேண்டும். குழல் வில்லைக்கு மேலே இருப்பதால், தூரத்திற்கு ஏற்ப அதைத் திருத்திக் கொள்ளாவிடில் ஒரு மீட்டரில் நெற்றி வெட்டுப்படும். ஆகவே குழலின்றி வரும் வில்லைக்கு விலை பேசுபவர் அக்குழலின் விலையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.