கூட்டக் கூடாத எண்கள்

தாராவியின் பின்கோடு எண் 400017. மாட்டுங்காவின் எண் 400019. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 400018 வருகிறது. அது வொர்லியின் எண்! தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவிலா இருக்கிறது வொர்லி? அது கடலோரத்தில் அல்லவா இருக்கிறது! கணக்கில் பிழை இல்லை. கூட்டக் கூடாத எண்களைக் கூட்டியதுதான் பிழை.

1972 ஆகஸ்ட் 15-ல் நடைமுறைக்கு வந்த பின்கோடு, பார்வைக்கு எண், வேலையில் பெயர். எந்தத் தபால் நிலையம் என்று அடையாளம் காட்டுவதோடு அதன் கடமை முடிந்தது. பஸ்ஸின் தட எண்ணும் அப்படியே.

புள்ளியியலில் எண்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவினையைச் செய்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்து மனோதத்துவ நிபுணர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். மனிதனின் உணர்வுகளை, உதாரணமாக ஓர் ஓசை காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை, அளக்க முடியுமா என்று ஆராய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம் ஒன்று 1932-ல் கமிட்டி அமைத்தது. ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தும் கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை. 1940-ல் கடைசி அறிக்கை வந்தது. 1946-ல் ஸ்டீவன்ஸ் பதில் எழுதினார்: அளவையே பலவகை; எந்த வகை என்று தெரிந்தால்தான் அதில் எந்தக் கணக்குச் செல்லும் என்று சொல்ல முடியும். பண்டிதர்களின் சண்டையால் மற்றவர்களுக்கும் ஒரு லாபம்!

பெயராக நிற்பது முதல் வகை. முந்தியது, பிந்தியது என்று வரிசை மட்டும் சொல்வது இரண்டாவது வகை. மூன்றாவது, வெப்பமானி காட்டும் டிகிரி. மும்பையில் 30 டிகிரி, உதகையில் 15 டிகிரி என்றால் மும்பையில் இரட்டிப்பு வெப்பம் என்று சொல்லலாமா? கூடாது. அதையே பாரன்ஹீட்டில் பார்த்தால் 86, 59. இரட்டிப்பு எங்கே போயிற்று? சைபர் டிகிரி என்பது நீர் உறையும் நிலைதானே தவிர, வெப்பமே இல்லாத நிலை அல்ல. நான்காவது வகையில்தான் சைபர் என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை. சம்பளம் அந்த வகை. நாற்பதாயிரம் இருபதாயிரத்தின் இரட்டிப்பு. ரூபாயில் எண்ணினாலும் பைசாவில் எண்ணினாலும் அது மாறாது.

வம்பு வருவது இரண்டாவது வகையில்தான்.

மத்திய அரசு ஊழியர்களைப் பற்றி மேலதிகாரி எழுதும் ஆண்டறிக்கையை, பழையவர்கள் 'சி.ஆர்.' என்பதை, எண்ணால் குறிக்கும் முறை 2009-ல் வகுக்கப்பட்டது. பத்துக்கு 8-ம் அதற்கு மேலும் வாங்கினால் 'மிகச் சிறப்பு'. 6 முதல் 8-க்குள் 'மிக நன்று'. 4 முதல் 6-க்குள் 'நன்று'. பதவி உயர்வுக்குச் சராசரி பார்க்கும்போது முதல் தரத்துக்கு 9, அடுத்ததற்கு 7, அதற்கடுத்ததற்கு 5 என்று மதிப்பு. நாலுக்குக் கீழே இருந்தால் சைபர்! வரிசை மட்டும் சொல்லும் தரங்களுக்கு எண் கொடுத்து, அதை ரூபாய் போலக் கூட்டி வகுப்பதுதான் இது. 3.9 வாங்கியவர் ஆண்டு முழுதும் வேலையே செய்யாதவரா?

ஒருவர் ஐந்து ஆண்டும் 7.9 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் மூன்று ஆண்டு 8, இரண்டு ஆண்டு 4. நேர் சராசரி முதல்வருக்கு 7.9, மற்றவருக்கு 6.4. விதிப்படி மாற்றினால்? முதல்வருக்கு 7, மற்றவருக்கு 7.4. பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிடுகிறார்!

8-க்கும் 7.9-க்கும் நடுவே அதிகாரி கண்ட வித்தியாசம் என்ன என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கேட்க வழி உண்டு. தேவ் தத் வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பையடுத்து, முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று 2009-ல் உத்தரவு வந்தது. கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம்.